மில்லா, நீடரா: பேட்டை அண்ணாச்சியின் கேள்வி

திருநெல்வேலி பேட்டையில் ரப்பர் வாஷர், புஷ் என்று சில்லறை ஆர்டர் எடுத்துச் செய்யும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "தம்பி, ஒரு மெஷினுக்குத்தான் காசு இருக்கு. ரப்பர் கலக்க ரெண்டு ரோல் மில் போடவா, நீடர் போடவா?"

"நீடர் வாங்கினாலும் மில்லு வேணுமே, அண்ணாச்சி" என்றேன். நீடர் மூடிய தொட்டிக்குள் சுழலும் இறக்கைகளால் ரப்பரைப் பிசைந்து கட்டியாகத்தான் தள்ளும். தகடாக்க, இரண்டு உருளைகளுக்கு இடையே நசுக்கும் மில்லில் ஏற்றியாக வேண்டும். தொட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடுவதால், ரப்பரை வேகவைத்து இறுக்கும் கந்தகத்தையும் பெரும்பாலும் மில்லில்தான் போடுவார்கள். இல்லாவிட்டால் ரப்பர் அங்கேயே வெந்துவிடும்.

மில் பழைய சங்கதி. 1836-ல் அமெரிக்காவில் எட்வின் சாஃபி காப்புரிமை வாங்கியதன் வழிவந்ததுதான். முன் ரோல் மெதுவாக, பின் ரோல் கொஞ்சம் வேகமாக, 1:1.25 என்பது போல. அந்த வேக வித்தியாசத்தில்தான் ரப்பர் கிழிபட்டுக் கலக்கிறது. முன் ரோலில் பட்டையாகச் சுற்றியதைக் கத்தியால் ஓரத்திலிருந்து அறுத்து, சுருட்டி, திரும்பக் கொடுக்க வேண்டும். கலவை பளபளப்பாக வருகிறதா, திட்டுத் திட்டாக நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் கருப்பு, மதியம் சிவப்பு என்று மாற்றினாலும் துடைத்துவிட்டுத் தொடங்கலாம். நீடரில் இறக்கை இடுக்கெல்லாம் சுரண்டி முடிப்பதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும்.

ஆனால் ரப்பருக்கு உறுதி தரச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக் விஷயத்தில் மில்லுக்குப் பரிந்து பேச எனக்கு மனசு வராது. மில்காரரின் கண் இமைவரை கரி. தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டுப் படுத்தாலும் தலையணை உறை கறுக்கும். நீடரில் அது தொட்டிக்குள்ளேயே அடங்கும். மில்லில் அரை மணி நேரம் எடுக்கும் வேலை பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். ஒரே கருப்புக் கலவையை நாள் முழுக்க ஓட்டுபவருக்கு நீடர்தான். ஆனால் 35 லிட்டர் நீடருக்கே 75 குதிரைத்திறன் மோட்டார், அதற்கு மேல் மில்லுக்கு வேறு கரண்ட்.

அண்ணாச்சிக்கு மில் போதும். எந்த மில் என்பதில்தான் ஏமாறுவார்கள். ரோல் தண்டைத் தாங்க கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் வைத்தது மலிவு. ஆனால் கிரீஸ் குடிக்கும், தேய்ந்தால் தகடு ஒரு பக்கம் தடிக்கும். ரோலர் பேரிங் விலை கூட, கரண்ட் மிச்சம். நான் ரோலர் பேரிங் கட்சி.

பிவிசிக்கு ஓடிய மில் சல்லிசாக வந்தால் யோசிக்கணும். அது 150 டிகிரிக்கு மேல் ரோலைச் சூடாக்கி ஓட்டுவது. நமக்கு ரோலுக்குள் தண்ணீர் ஓடிக் குளிர வேண்டும்.

அப்புறம், முன்பணம் கொடுக்குமுன் ரோலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சும்மா ஓடவிட்டு, அவசரக் கம்பியைத் தட்டச் சொல்லுங்கள். கால் சுற்றுக்கு மேல் ஓடி நின்றால் அந்த மெஷின் வேண்டாம், அண்ணாச்சி.