மட்டக்குதிரைக்கு அடுத்து எது? பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்று குதிரைகள்

அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. ஐந்து வருடமாக மட்டக்குதிரையில் சவாரி செய்கிறவள். இப்போது அவள் கால் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது. "மாமா, இனிமே பெரிய குதிரைதான்" என்றாள். சரி என்று தேட ஆரம்பித்தோம். தோள் உயரம் 58 அங்குலத்தைத் தாண்டினால் பெரிய குதிரைக் கணக்கு. மூன்று வழிகள் கண்ணில் பட்டன.

முதலில், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட், அதாவது பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனக் குதிரை. ஐந்தாறு வயது, மின்னும் தோல். ஓடி முடித்த குதிரையை நல்ல இடத்தில் விட்டால் போதும் என்று நினைக்கும் உரிமையாளர்கள் உண்டு. அதனால் விலையும் படியும். ஆனால் அதற்குத் தெரிந்த சவாரியே வேறு. ஜாக்கி, கால் வைக்கும் வளையமான அங்கவடியைக் குட்டையாக வைத்து முதுகுக்கு மேலே குந்தியிருப்பார். அவர் கால் குதிரையின் விலாவை அணைத்துக்கொள்வதே இல்லை. நம் பிள்ளை கெண்டைக்காலால் அணைத்ததும் அது திடுக்கிடும். பயத்தில் லகானை இழுத்துப் பிடித்தால், பந்தயப் பழக்கத்தில் கடிவாளத்தின் மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். ஏறும்போது அசையாமல் நிற்கவும் பலவற்றுக்குத் தெரியாது. இதையெல்லாம் மாற்ற, தேர்ந்த பயிற்சியாளர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். குதிரையைப் பார்க்கப் போகும்போது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாணை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ தட்டினால் பேச்சை நிறுத்திவிடலாம்.

அடுத்தது ராஜஸ்தான் பக்கத்து இனமான மார்வாரி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் கண் நிறையப் பார்க்கலாம். உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் அந்தக் காதுகளைப் பார்த்ததும் இவள் மனம் அங்கேயே நின்றுவிட்டது. நம் வெயிலைத் தாங்கும், குளம்பு உறுதி, உயரமும் இந்த வயதுக்குத் தோதானது. விற்பவர்கள் சுழியைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. அங்கே ஒரு குதிரைக்காரர் லகானை மேலே இறுக்கி, குதிகாலை விலாவில் லேசாக வைத்தார். உடனே குதிரை நின்ற இடத்திலேயே முழங்காலை மார்புவரை தூக்கி ஆடத் தொடங்கியது. அழகுதான். ஆனால் பயிற்சிப் பள்ளியில் குதிகாலை வைத்தால் 'முன்னே போ' என்று அர்த்தம். புதுக் குதிரையில் ஏறும் பிள்ளை பயத்தில் லகானையும் இறுக்கித்தான் பிடிக்கும். அப்போது ஆடுகிற குதிரையின் மேல் அவள் என்ன செய்வாள்? நாட்டியம் பழக்கியதா என்று கேளுங்கள், வாயோரத்தில் பழைய காயத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தைக்கு வருவதில் காயடிக்காத ஆண்குதிரைகள் நிறைய. பக்கத்தில் ஒரு பெட்டைக் குதிரை வந்தால் பெரியவர்களுக்கே சமாளிப்பது கஷ்டம்.

மூன்றாவது, பயிற்சிப் பள்ளியில் வேலை செய்த பதின்மூன்று வயதுக் காயடித்த குதிரை. கண்ணைச் சுற்றி நரை. காலையில் முதல் பத்து நிமிடம் கால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும். அப்புறம் இவள் அதன் மேல் நாலுகால் பாய்ச்சலில் போகும்போது ஒரு பக்கம் சரிந்தாள். நான் கத்துவதற்குள் அது தானாக வேகத்தைக் குறைத்து, நடைக்கு வந்து, நின்றுவிட்டது. யாரும் லகானைத் தொடவில்லை.

என் ஓட்டு அதற்குத்தான். இவளும் கற்கிறவள், குதிரையும் கற்கிறது என்றால் அடி விழுவது பிள்ளைக்கு. நல்ல குதிரைகள் இருபது வயதுவரைகூடச் சவாரி தரும்; இவள் கல்லூரிக்குப் போகும்வரை தாராளம். தினமும் பயிற்சியாளர் கூடவே இருப்பார் என்றால் மட்டும், நாட்டியம் பழகாத, காயடித்த மார்வாரியை யோசிக்கலாம். பந்தயக் குதிரை இன்னும் சில வருடம் பொறுக்கட்டும்.

தீனிச் செலவில் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள். 450 கிலோ குதிரைக்கு எதுவானாலும் தினம் எட்டு, ஒன்பது கிலோ உலர்தீவனம் வேண்டும். தரோபிரெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை மூன்றுக்கும் கட்டாயம். அது மனிதருக்கும் தொற்றி உயிரை எடுக்கும் நோய்.

எதைப் பார்த்தாலும் இரண்டு நாள் போங்கள். சேணம் போடுவதிலிருந்து பாருங்கள், முதலில் அவர்கள் ஆளை ஏறச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் சொல்லாமல், காலையில், லாயத்திலிருந்து வெளியே எடுக்கும் முன்பே போய் நில்லுங்கள். முதல் நாள் சாதுவாக நின்ற குதிரை, அதற்கு முன்பே ஓட்டிக் களைக்க வைத்த குதிரையா என்பது அப்போது தெரிந்துவிடும்.