விலை குறைந்த செயலிக்குள் எதை வைப்பது? இன்டெல் ஆட்டம், ஏஎம்டி இ-350 பயன்பாட்டு அனுபவம்

குறைந்த விலைச் செயலிகளில் இன்டெல்லும் ஏஎம்டியும் எடுத்த இருவேறு வழிகளை வீட்டில் பல ஆண்டுகள் வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்டெல்லின் ஆட்டம் (Atom) 230, ஆட்டம் டி510, ஏஎம்டியின் இ-350 ஆகிய மூன்றும் தாய்ப்பலகையான போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வந்தவை. கோப்புகளைச் சேமிக்கவும் தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்க்கவும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தினேன். இத்தகைய செயலியில் வேகத்தைவிட முக்கியமானது எதை உள்ளே சேர்த்தார்கள் என்பதே. பிறகு அதை நம்மால் மாற்ற முடியாது.

2008-இல் வந்த ஆட்டம் 230-இன் வெப்ப அளவு (குளிரூட்டலைத் திட்டமிடக் கணக்கிடப்படும் வெப்பம், டிடிபி) வெறும் 4 வாட். நினைவகத்தைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரையும் கிராஃபிக்ஸையும் தாங்கியிருந்த, செயலிக்குத் துணைநிற்கும் 945ஜிசி சிப்செட்டுக்கோ 22 வாட். இன்டெல்லின் டி945ஜிசிஎல்எஃப் போர்டைக் கையில் எடுத்தாலே இது கண்ணில் படும்: செயலியின் மேல் ஃபேன் இல்லாத சின்ன ஹீட்சிங்க், ஃபேன் சுழல்வதோ சிப்செட்டின் தலைமேல். செயலி மிச்சப்படுத்திய மின்சாரத்தையெல்லாம் பக்கத்திலிருந்த பழைய சிப் தின்று தீர்த்தது.

2010 தொடக்கத்தில் வந்த டி510-இல் மெமரி கன்ட்ரோலரும் கிராஃபிக்ஸும் செயலியின் சிலிக்கானுக்குள்ளேயே இடம்பெற்றன. செயலிக்கு 13 வாட், துணைக்கு நின்ற என்எம்10 சிப்புக்கு ஏறத்தாழ 2 வாட் என்றானதால், ஃபேனே இல்லாத டி510எம்ஓ போர்டு சாத்தியமாயிற்று. இரவு முழுவதும் ஓடினாலும் சத்தமில்லை. ஆனால் உள்ளே குடியேறிய ஜிஎம்ஏ 3150 பழைய தலைமுறைக் கிராஃபிக்ஸ்தான். எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட காணொளியைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் அதில் இல்லாததால், 1080பி (முழு எச்டி) படத்தின் முழுச் சுமையும் கணிப்பைச் செய்யும் வலுக்குறைந்த அந்த இரண்டு கோர்களின் மேல் விழுந்தது.

அதோடு ஒரு வழியும் அடைபட்டது. 2009-இல் என்விடியா தன் அயான் சிப்செட்டை 945-இன் இடத்தில் வைத்து, அதே பழைய ஆட்டம் செயலியையே முழு எச்டி படம் காட்ட வைத்திருந்தது. மெமரி கன்ட்ரோலர் செயலிக்குள் போனபின் அந்த இடமே இல்லாமல் போக, அடுத்த அயான் போர்டில் பாகங்களை இணைக்கும் குறுகிய பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் தனிக் கிராஃபிக்ஸ் சிப்பாக ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. சிக்கனத்துக்காகச் செய்த இணைப்பு பயனரின் தேர்வையும் குறைத்தது என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

2011 ஜனவரியில் வந்த இ-350 இதே இணைப்பை வேறு கணக்கில் செய்தது. 40 நானோமீட்டரில், சுமார் 75 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானில், பாப்கேட் என்ற வகையைச் சேர்ந்த இரண்டு கோர்களையும் ரேடியான் எச்டி 6310 கிராஃபிக்ஸையும் யுவிடி எனப்படும் காணொளிப் பிரிப்பானையும் ஏஎம்டி அடக்கியிருந்தது. வெப்ப அளவு 18 வாட், டி510-ஐவிடக் கூடுதல்தான். இருந்தும் 1080பி படம் ஓடும்போது கோர்கள் ஏறக்குறைய ஓய்வாகவே இருந்ததால், அந்தக் கூடுதல் வாட்டுகள் எனக்கு உறுத்தவில்லை. குறை மெமரியில் இருந்தது: ஒரே குழாயில் இரண்டு குடித்தனங்கள் தண்ணீர் பிடிப்பதுபோல, செயலியும் கிராஃபிக்ஸும் ஒற்றை டிடிஆர்3 பாதையைப் பங்கிட்டுக்கொண்டதால், விளையாட்டுகளில் அது விரைவிலேயே திணறியது.

வெளியே விட்டு வைத்த பாகமும் கவனிக்கத்தக்கது. என்எம்10 வன்தட்டுகளைப் பொருத்தும் சாட்டா இணைப்புகள் இரண்டையே தந்தது. ஏஎம்டியின் ஏ50எம் துணைச் சிப்போ ஆறு வரை தரக்கூடியது. கோப்புகளைச் சேர்த்து வைப்பவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

2013-இல் இன்டெல்லின் பே டிரெயிலும் ஏஎம்டியின் கபினியும் துணைச் சிப்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரே சிப்பாக வந்தன. அதே ஆண்டில் தரப்படுத்தப்பட்ட எச்இவிசி என்ற புதிய சுருக்க முறையிலான காணொளி இ-350-இன் பிரிப்பானுக்குப் புரியாது என்பதால், அந்தக் கணினியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றிவிட்டேன். திரை இல்லாமல், வன்தட்டுகள் நிறைந்த கோப்புச் சேமிப்பகமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.