குழந்தைகளோடு ஊட்டி மலை ரயில்: எந்த வயதுக்கு எவ்வளவு தூரம்?

ஊட்டி மலை ரயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாராளமாகப் போகலாம். மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டி வரை முழுசாகப் போக வேண்டுமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை போதும். அதற்கு மேல் என்றால் முழுப் பயணம் போகலாம், அதுவும் ஓரளவு தயாராகப் போனால்.

முழுத் தூரம் 46 கி.மீ. காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி ஊட்டி சேரும்போது கிட்டத்தட்ட 12 மணி. அந்த ஐந்து மணி நேரத்தில் பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியும் இல்லை. எதிரெதிர் பெஞ்சுகளில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். ஜன்னல் ஓரம் கிடைக்காத பிள்ளை ஒரு மணி நேரத்தில் சிணுங்க ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து, அரைத் தூக்கத்தில் இறக்கி, உடனே இதில் ஏற்றுவதுதான் பல குடும்பங்கள் போடும் திட்டம். நேரக் கணக்குக்கு அது சரி, நாலு வயதுப் பிள்ளைக்குச் சரிவராது. முந்தைய நாளே வந்து மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

இவ்வளவு சிரமப்பட்டும் பெரிய பிள்ளைகளை ஏன் முழுத் தூரம் கூட்டிப்போகச் சொல்கிறோம் என்றால், மலை அடிவாரத்தில் உள்ள கல்லாறு முதல் குன்னூர் வரை நடப்பதை இந்தியாவில் வேறு எங்கும் ரயிலில் பார்க்க முடியாது. ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி. சாதாரணச் சக்கரம் அதில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகளை ஜோடியாகப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் இருக்கும். ஆகவே எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். மேட்டுப்பாளையம் நடைமேடையிலேயே எஞ்சினுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி, சிலிண்டர்கள் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி இருப்பதைக் காட்டுங்கள். கீழ் ஜோடி ஓடும் சக்கரங்களுக்கு, மேல் ஜோடி பற்சக்கரத்துக்கு. கல்லாறு தாண்டியதும் வண்டியின் சத்தம் மாறும், வேகம் மணிக்கு 13 கி.மீ. அளவுக்கு இறங்கும். அந்த மாற்றத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

இன்னொன்று: ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும், இழுக்காது. முன்பெட்டியில் எஞ்சின் மறைக்காத காட்சி, புகையும் குறைவு. முதல் வகுப்பு முன்னால்தான் இருக்கும். இருக்கைகள் மிகக் குறைவு, கட்டணம் அதிகம். கிடைத்தால் எடுங்கள், கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். பின்பெட்டியில் உட்கார்ந்தால் வளைவுகளில் எஞ்சின் புகை கக்கித் தள்ளுவது ஜன்னலிலிருந்தே தெரியும். பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். கரித்தூள் விழுவதும் அங்கேதான். கண்ணில் விழுந்தால் கசக்க விடாமல் தண்ணீரால் கழுவுங்கள். சாலையோரக் கடையில் விற்கும் மலிவான கூலிங்கிளாஸ் ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

வழியில் 16 குகைகள். ஒரு தாளில் 16 கட்டம் போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றையும் கடக்கும்போது அடிக்கச் சொல்லுங்கள். இது நேரம் போக்க மட்டும் அல்ல, அடுத்த குகையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை கையைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். குகைச் சுவர் பெட்டிக்கு மிக அருகில் வரும். செல்போனை நீட்டிப் படம் எடுக்கும் பெரியவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

கழிப்பறைக்கு நம்பக்கூடிய இடங்கள் மேட்டுப்பாளையம், ஹில்குரோவ், குன்னூர். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் வரிசை நீளும். பிள்ளைக்கு அவசரம் இல்லாவிட்டாலும் முதலில் அங்கே ஓடுங்கள், டீயும் வடையும் அப்புறம். மூன்று வயதுக்குக் கீழே என்றால், வீட்டில் டயப்பரை விட்டிருந்தாலும் அன்று ஒருநாள் போட்டுவிடுவது நல்லது. ஆண்பிள்ளைக்கு அகல வாயுள்ள, இறுக்கி மூடக்கூடிய ஒரு பாட்டில் கைப்பையில் இருக்கட்டும்.

ஹில்குரோவில் குரங்குகள் கூட்டமாக இருக்கும். பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தால் பறித்துக்கொண்டு போய்விடும், சில நேரம் ஜன்னல் வழியாகவே. வண்டி நிற்கும்போது தின்பண்டப் பையை மூடி இருக்கைக்கு அடியில் தள்ளுங்கள், ஓடும்போது சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. சட்னி சிந்தும், எண்ணெய்ப் பலகாரம் குமட்டும். கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் பால் குடிக்க வைப்பதையும் தவிருங்கள். ரயில் மெதுவாக ஊர்வதால் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும் பேருந்து அளவுக்கு வாந்தி வராது. ஆனாலும் நிரம்பிய வயிறும் கரிப்புகையும் சேர்ந்தால் சில பிள்ளைகளுக்குப் புரட்டும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை.

சுமையை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பெரிய சூட்கேஸ் பெஞ்சுக்கு அடியில் நுழையாது, மடியிலும் வைக்க முடியாது. ஊட்டிக்குக் காரில் வரும் உறவினர் யாராவது இருந்தால் பெட்டியை அவர்களிடம் ஏற்றிவிடுங்கள். சொந்தக் காரில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், ரயிலில் போகிறவர்களுக்கு அது வேண்டாம். ஸ்வெட்டர் மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மேட்டுப்பாளையத்தின் உயரம் ஏறக்குறைய 330 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டர். குன்னூரில் எஞ்சின் மாற்றும் நேரத்தில் மாட்டிவிட்டால் சரியாக இருக்கும்.

குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின்தான். நீராவி, கரி எல்லாம் அதோடு முடிந்தது. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்திலோ டாக்ஸியிலோ குன்னூர் வந்து, ஓர் இரவு தங்கி, சிம்ஸ் பூங்காவில் அவர்களை ஓடியாட விட்டு, மறுநாள் இங்கே ஏறலாம். ஊட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அடுத்தடுத்து ஸ்டேஷன் வருவதால் சலிப்பு தட்டாது. கேத்தி பள்ளத்தாக்குக் காட்சி இந்தப் பகுதியில்தான். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே நாளுக்குப் பல வண்டிகள் ஓடுவதால் டிக்கெட்டும் ஒப்பீட்டளவில் எளிது.

மேட்டுப்பாளையம் வண்டிக்கு டிக்கெட் கிடைப்பதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை. பெட்டிகள் நாலைந்துதான், கேட்பவர்கள் ஊர்ப்பட்ட பேர். முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். ஏப்ரல், மே மாதங்களுக்கு அந்த முதல் நிமிடங்களை விட்டால் காத்திருப்போர் பட்டியல்தான், அது நகரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஐஆர்சிடிசியில் ஊட்டி என்று தேடிக் குழம்பாமல், புறப்படும் இடம் எம்டிபி (MTP), சேருமிடம் யூஏஎம் (UAM) என்று குறியீட்டைப் போடுங்கள். குன்னூருக்கு ஓஎன்ஆர் (ONR). ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, இருக்கையும் இல்லை. ஐந்து மணி நேரம் மடியில் வைத்திருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐந்து முடிந்த பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

இறங்கும் வண்டி மதியம் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் வருகிறது. ஏறுவதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம், புகையும் குறைவு. ஆனால் எஞ்சின் திணறி ஏறும் அந்தச் சத்தம் இதில் இல்லை, மதியத் தூக்கத்தில் பாதிப் பிள்ளைகள் எதையும் பார்ப்பதும் இல்லை. ஏறும் டிக்கெட் கிடைக்காதபோது மாற்றாக வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து, ரயில் நாள்கணக்கில் நிற்பதுண்டு. ரயில்வேயே ரத்து செய்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் பணம் தானாகத் திரும்பும். அன்றைய அறை வாடகை அப்படித் திரும்பாது. ஆகவே மழைக்காலத்தில், கிளம்பும் நாள் வரை ரத்து செய்ய அனுமதிக்கும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். முந்தைய நாள் மாலையே வண்டி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் காலையில் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து குன்னூர் பேருந்து இருக்கிறது.