கப்பல் டிக்கெட்டோடு 'கொச்சி கார்' விற்கிறார்கள், கவனம்

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இந்த சீசனில் கப்பல் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். எனக்கு நடந்தது 2021 அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். இதை எழுதுகிற 2022 ஜனவரியில் கொரோனாவின் ஒமிக்ரான் வகை வந்து மறுபடி கெடுபிடி கூடியிருக்கிறது. எனக்குக் கப்பல் டிக்கெட் போட்டு, கொச்சியில் போய்வர வாடகைக் காரும் தருவதாகப் பணம் வாங்கிய அதே ஏஜென்ட் அதே காரை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. காரணம் கடைசியில் புரியும்.

மும்பையில் ஏறி, கொச்சியில் ஒரு பகல் நின்று, லட்சத்தீவு போய்த் திரும்புகிற கப்பல். தாராவியில் சித்தப்பா வீடு இருப்பதால் மும்பை எங்களுக்கு ஒரு பிரச்சினை இல்லை. நான், மனைவி, ஏழாவது படிக்கும் பையன், எழுபது தாண்டிய அம்மா. பையனுக்கு அப்போது ஆன்லைன் வகுப்புதான், லீவு கேட்கிற வேலையும் மிச்சம்.

அம்மாவுக்குக் கப்பலைப் பற்றி ஒரு ஆசையும் கிடையாது. அவளுக்கு வேண்டியது கொச்சி. பெரியம்மா மட்டாஞ்சேரியில் வாக்கப்பட்டு ஐம்பது வருடமாகிறது. முதல் ஊரடங்குக்கு முன்னால் பார்த்தது, அதன் பிறகு அக்காவும் தங்கையும் போனில்தான். கப்பல் கொச்சியில் நிற்கும் என்றதும் அம்மா தலையாட்டினாள்.

இதை நான் ஏஜென்டிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நமக்கு எது முக்கியம் என்று தெரிந்துவிட்டால் விற்கிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

"அண்ணாச்சி, கப்பல்காரன் பஸ்ல போனா அவன் காட்டுததத்தான் பாக்கணும். ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு வேற. நம்ம வண்டி ஒண்ணு இங்கயிருந்தே வந்து கேட்ல நிக்கும்லா. பெரியம்மா வீட்டுலயே மத்தியானம் சாப்பிடுங்க, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுருவான்."

பஸ் என்றால் நாலு பேருக்கு 7,200 ரூபாய். கார் 5,500. பெரியம்மா வீட்டுச் சாப்பாடும் சேர்ந்து 1,700 ரூபாய் லாபம் என்று கணக்குப் போட்ட புத்திசாலி நான்தான். கூகுள் பேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன அண்ணாச்சி" என்றார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

கப்பல் டிக்கெட்டை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். இரண்டு பக்கம். பெயர், அறை எண், ஏறும் நேரம், ஆர்டிபிசிஆர் சோதனை விவரம். வேறு எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கொச்சிக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பக்கத்து அறை மதுரைக்காரர், "நாளைக்கு உங்களுக்கு எந்த பஸ்?" என்று கேட்டார். கார் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் போனைத் திறந்து காட்டினார். அவருக்கு வந்த டிக்கெட் பதினாலு பக்கம். பதினோராம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: தொற்றுக் கட்டுப்பாடு இருக்கும்வரை, துறைமுகத்தில் கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போகிறவர்கள் மட்டுமே இறங்கலாம், கூட்டத்தை விட்டுத் தனியாகப் போனவர்கள் திரும்ப ஏற்றிக்கொள்ளப்படமாட்டார்கள்.

ஓடிப்போய் பஸ்ஸுக்குப் பதிவு செய்கிற மேஜையில் கேட்டேன். பஸ்ஸில் பாதி சீட்டுக்குத்தான் ஆள் ஏற்றுகிறார்கள், எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

காலையில் கப்பல் வெலிங்டன் தீவில் அணைந்தது. ஏழு மணிக்கு கார் டிரைவர் கூப்பிட்டார். துறைமுக கேட்டிலிருந்து இல்லை, ஆரியங்காவிலிருந்து. செங்கோட்டை, புளியரை தாண்டி கேரளச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்களாம். கேரளாவுக்குள் போக அப்போது கோவிட் ஜாக்ரதா இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். இவர் பெயரை யாரும் பதியவில்லை. ஊசி ஒன்றுதான் போட்டிருந்தார், சோதனைச் சான்றும் கையில் இல்லை. ராத்திரி பத்து மணிக்குத்தான் "கொச்சிக்குப் போ" என்று அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். பாவம், தேநீர்கூடக் குடிக்காமல் நிற்கிறேன் சார் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஏஜென்டுக்கு ஆறு தடவை அடித்தேன். ஏழாவது தடவை எடுத்தார். "கேட்டுக்கு வெளிய ஆட்டோ கெடக்கும் அண்ணாச்சி, புடிச்சிப் போயிருங்க. அந்த ரூல்லாம் சும்மா எழுதி வச்சிருக்கான், யாரு பாக்கா?"

யார் பார்க்கிறார்கள் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்தது. இறங்குகிற படிக்கட்டு வாசலில் ஒருவர் கையில் பட்டியலோடு நின்றார். பஸ்ஸில் போகிறவர்கள் கையில் காகிதப் பட்டை, அதில் பஸ் எண். எங்கள் நாலு பேர் கையும் வெறும் கை. பெரியம்மா வீட்டைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குள் வந்துவிடுகிறோம் என்று எனக்குத் தெரிந்த அத்தனை மொழியிலும் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "இறங்கலாம் சார். தாராளமா இறங்கலாம். திரும்ப ஏற முடியாது. பெட்டியை எல்லாம் இப்பவே எடுத்துக்கோங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். கொச்சியிலேயே இறங்கிவிடலாம் என்பது அவள் எண்ணம் என்று எனக்குத் தெரியும். பையன் லட்சத்தீவு, லட்சத்தீவு என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாசலை விட்டு நகர்ந்தேன்.

கப்பல்காரர்களைத் திட்டித்தான் அன்றைக்கு முழுக்கப் பேசினேன். ஊருக்கு வந்து நிதானமாகப் படித்துப் பார்த்தபோது அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைத்த டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள், அதில் 712 பேருக்குத் தொற்று. மூடின அறை, ஒரே சாப்பாட்டுக்கூடம், ஓர் ஆள் கொண்டுவந்தால் போதும். அதே வருடம் ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் பெரிய கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறங்கிய ஒரு குடும்பம் சுற்றுலாக் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய்விட்டது. திரும்பி வந்தவர்களை ஏற்றவில்லை. நம்ம ஏஜென்ட் சொன்ன "சும்மா எழுதி வச்ச" விதி அதுதான். 2022 புத்தாண்டு சமயத்தில் கோவாவுக்கு வந்த கப்பலில் 66 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்ததே, அதன் பிறகு யாராவது இந்த விதியைத் தளர்த்துவார்கள் என்று நினைக்கிறீர்களா?

கப்பல் பஸ் ஒன்றும் சொர்க்கமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரர் சாயங்காலம் வந்து புலம்பினார். சீனவலைப் பக்கம் இருபது நிமிடம், வாஸ்கோடகாமாவைப் புதைத்திருந்த தேவாலயத்துக்கு வெளியே நின்று ஒரு படம், ஒரு கடையிலும் ஏறவிடவில்லை, முன்னால் கொடி பிடித்துக்கொண்டு ஒரு பையன். சாதாரணக் காலமாக இருந்தால் நான் அந்த பஸ்ஸில் காசு போடமாட்டேன். வெலிங்டன் தீவிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகிலேயே போய்விடலாம், சில்லறைக் காசுதான். ஆனால் அது சாதாரணக் காலம் இல்லை. அந்த பஸ் மட்டாஞ்சேரி வழியாகத்தான் போயிருக்கிறது. யூதத் தெருவுக்கு முன்னால் ஓரிடத்தில் நிறுத்தினார்களாம். பெரியம்மா வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். 7,200 கட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. ஆனால் பெரியம்மா பஸ் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள்.

பகல் முழுக்க அம்மா மேல்தளத்தில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். "ஏல, அவ அங்கன கெடக்கா, நான் இங்கன கெடக்கேன், நடுவுல இம்புட்டுத் தண்ணி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சாயங்காலம் பெரியம்மாவின் பேரனிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தேன். கொச்சியை விட்டு வெளியே போகிற கப்பல் ஃபோர்ட் கொச்சிக் கரையை ஒட்டித்தான் போயாக வேண்டும், வேறு வழி இல்லை. சீனவலைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குடை தெரிந்தது. அம்மா முந்தானையை எடுத்து வீசினாள். குடையும் மேலும் கீழும் ஆடியது. முகம் தெரியவில்லை. மூன்று நிமிடம் இருக்கும்.

ஊருக்கு வந்து கடையில் போய்க் கேட்டேன். "வண்டி கெளம்புச்சுல்லா அண்ணாச்சி, டீசலுக்கு யாரு தருவா?" மற்ற பன்னிரண்டு பக்கம் எங்கே என்று கேட்டதற்கு, ஃபைல் பெரிசாக இருந்தது, போகவில்லை என்றார். மதுரைக்காரருக்குப் போன ஃபைல்தானே! (இந்த இரண்டு மாதத்தில் சொந்தக்காரர் அத்தனை பேரும் அல்வா ஜோக்கை என்னிடம் சொல்லி முடித்துவிட்டார்கள். நீங்களும் சொல்ல வேண்டாம்.)

சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், எனக்கு வந்த இரண்டு பக்கம், மதுரைக்காரர் அனுப்பித் தந்த பதினாலு பக்கம், "யாரு பாக்கா" என்று அவர் சொன்ன தேதியும் நேரமும், எல்லாம் உள்ளே. பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதினேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். இது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் 3,000 ரூபாய் வந்தது, ஒரு வார்த்தை இல்லாமல்.

மீதி 2,500 இன்னும் வரவில்லை. மனு எழுதி வைத்திருக்கிறேன், பொங்கல் கழிந்து கொடுக்கப்போகிறேன். அதனால்தான் பெயர் போடவில்லை.

பணம் கட்டப்போகிறவர்கள் டிக்கெட்டில் மொத்தம் எத்தனை பக்கம் என்று கேட்டு, முழுசையும் வாங்குங்கள். துறைமுகத்தில் இறங்குவது பற்றி என்ன போட்டிருக்கிறது என்பதைக் கப்பல் கம்பெனியின் எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். இந்த 2022 ஜனவரியில் விதி வாரத்துக்கு வாரம் மாறுகிறது. தனிக் கார் தருகிறேன் என்கிறவரிடம், "கப்பல்காரன் என்னைத் திரும்ப ஏற்றிக்கொள்வான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கமாட்டார்.

அம்மாவிடம் அந்த 3,000 வந்ததைச் சொன்னேன். "பாலருவி ரயில்ல டிக்கெட்டு எம்புட்டுல? ராத்திரி ஏறுனா காலைல எறணாகுளம்லா" என்றாள்.