மயங்கொலிப் பயிற்சிப் புத்தகம்: இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கலாமா?

என் மகள் இரண்டாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது, ஆனால் எழுத உட்கார்ந்தால் 'பல்லிக்கூடம் போனேன்', 'மன்னில் விளையாடினேன்' என்றுதான் வரும். திருத்தித் திருத்தி எங்களுக்குள் சண்டைதான் மிச்சம். கோடை விடுமுறையில் தெருமுனை ஸ்டேஷனரி கடையில் ல, ள, ழ, ந, ன, ண, ர, ற எழுத்துகளுக்கென்றே ஒரு பயிற்சிப் புத்தகம் கிடைத்தது. 96 பக்கம், 110 ரூபாய். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பக்கம் என்று முழுசாக முடித்துவிட்டோம், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், வாங்கலாம்.

மற்ற புத்தகங்கள் சொற்பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். இது பக்கத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. பந்து, தந்தம் என்றால் த-வுக்கு முன்னால் ந். கன்று, தென்றல் என்றால் ற-வுக்கு முன்னால் ன். வண்டு, தொண்டை என்றால் ட-வுக்கு முன்னால் ண். தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று பெயர் வைத்திருப்பதே இதற்குத்தான். 'ரெண்டு சுழி, மூணு சுழி' என்று படித்த எனக்கே இப்போதுதான் அது பிடிபட்டது. ஒரு நாள் பஸ் போர்டில் திண்டிவனம் என்று படித்தவள், "அம்மா, பக்கத்துல ட இருக்கு, அதான் மூணு சுழி" என்றாள். எனக்கு அந்த 110 ரூபாய் அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

ஒரு குறை. இந்த விதி ஒரே சொல்லுக்குள்தான் பொருந்தும் என்று எங்கேயும் போடவில்லை. அப்புறம் என்ன, 'நாந்தான்', 'அவந்தான்' என்று எழுத ஆரம்பித்தாள். காதில் அப்படித்தானே விழுகிறது, விதியும் ஒத்துப்போகிறது, குழந்தை மேல் தப்பே இல்லை. நான், தான் இரண்டும் தனித்தனிச் சொற்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

நிறுத்தக்குறிகளுக்குக் கடைசியில் நாலே பக்கம், அது போதவே போதாது. 'காற்புள்ளி: சிறிது நிறுத்தும் இடம்' என்றால் ஏழு வயதுக்கு என்ன புரியும்? நான் சிலேட்டில் 'அம்மா பாட்டி கூப்பிடுகிறார்' என்று எழுதி, யார் கூப்பிடுவது என்று கேட்டேன். "உன்னோட அம்மா, திண்டுக்கல் பாட்டி" என்றாள். 'அம்மா'வுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். அம்மா என்றதும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "இப்ப உன்னைக் கூப்பிட்டுச் சொல்றேன்!" என்று குதித்தாள். புத்தகத்தில் இந்த மாதிரி பத்து வாக்கியம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

தாள் ரொம்ப மெல்லிசு, இரண்டு தடவை ரப்பர் போட்டால் கிழிந்துவிடும், அதனால் பென்சிலை அழுத்தாமல் எழுதச் சொல்லுங்கள். விடைகள் கடைசி இரண்டு பக்கத்தில் இருக்கின்றன. கையில் கொடுப்பதற்கு முன்னால் அதை மட்டும் கிழித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.