நண்டு பார்க்க ஒரு பைனாகுலர்

இந்த 8×32 பைனாகுலரை (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 32 மி.மீ.) நான் வாங்கியது பறவைக்கோ கிரிக்கெட்டுக்கோ இல்லை, எண்ணூர் கழிமுகச் சேற்றில் பிடில் நண்டு பார்க்க, அதாவது ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் குட்டி நண்டு. அதனால் இந்த விமர்சனமும் நண்டுக் கணக்கில்தான் இருக்கும். எனக்குத் திருவொற்றியூரில் லேத் பட்டறை. ஞாயிறு லீவு. எட்டு மாதமாக மாதம் இரண்டு ஞாயிறாவது சேற்றோரம் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் ஏமாந்த கதை. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் ‘20×50’ என்று 1,800 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார்கள். அனல் மின் நிலையப் புகைபோக்கி பக்கத்தில் வந்து நின்றது, வாஸ்தவம். ஆனால் எட்டு மீட்டருக்குள் இருப்பதெல்லாம் ஒரே மசமச. நண்டு இருப்பதோ மூன்று மீட்டரில். நண்டுக்கு எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பது முக்கியமே இல்லை, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது என்பதுதான் விஷயம். இப்போது 9,400 கொடுத்து வாங்கியதன் அட்டையில் 2 மீட்டர் என்று போட்டிருந்தது. டேப் வைத்து அளந்தேன், 2.15 வந்தது. பரவாயில்லை. இரண்டரை மீட்டரில் இருக்கும் நண்டை முப்பது சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது போல இருக்கிறது. ஒன்றரைச் சாண் அகலத்துக்குச் சேறு தெரியும். அது போதும்.

மூன்று மீட்டரில் இருப்பதற்கு எதற்கு பைனாகுலர் என்று கேட்கலாம். இந்த நண்டின் ஓடே கட்டைவிரல் நக அகலம்தான். கிட்டே போனால் வளைக்குள் ஓடிவிடும். அதன் கண்கள் காம்பின் உச்சியில் இருக்கின்றன. அந்த மட்டத்துக்கு மேலே எது அசைந்தாலும் கொத்த வரும் பறவை, கீழே அசைந்தால் இன்னொரு நண்டு, ஏறக்குறைய இதுதான் அதன் கணக்கு. நின்றால் நாம் ராட்சசக் கொக்கு. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது விரல் மட்டும்தான் அசைய வேண்டும். இங்கேதான் ஃபோகஸ் சக்கரத்துக்கு மார்க் போடுகிறேன். பழையதில் கால் சுற்று வெறும் ப்ளே, சக்கரம் சும்மா சுற்றும், ஃபோகஸ் நகராது. இதில் லேத்காரன் விரலுக்கே ப்ளே தெரியவில்லை.

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இன்னாப்பா, துன்ற நண்டா அது? அத்தப் போயி கண்ணாடி வெச்சுப் பாத்துனுகீற?" என்றார். கையில் கொடுத்தேன். கால் மணி நேரம் திருப்பித் தரவில்லை.

அவர் பார்த்தது ஒரு ஆண் நண்டு சாப்பிடுவதை. சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாய்க்குள் வைக்கிறது. உள்ளே தண்ணீரில் அலசி, பாசியும் நுண்ணுயிரும் போன்ற சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மிச்ச மண் வாயின் அடியில் உருண்டையாகத் திரள்கிறது. அதே கொடுக்கால் அதை வழித்துக் கீழே வைக்கிறது. வளையைச் சுற்றி ஜீரக மிட்டாய் போலச் சிதறிக் கிடப்பதெல்லாம் இந்த உருண்டைகள்தான். பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கொடுக்கு, இரண்டு கையாலும் தின்னும். ஆணின் பெரிய கொடுக்கு சாப்பாட்டுக்கு உதவாது, பெண்ணைக் கூப்பிட்டு ஆட்டவும் மற்ற ஆணோடு மல்லுக்கட்டவும்தான். எடையோ மொத்த உடம்பில் பாதி வரை போகும். எழுபது கிலோ ஆளான நான், லேத்தில் இரும்பைப் பிடிக்கும் ‘சக்’ முப்பத்தைந்து கிலோவில் ஒன்றை ஒரு கையில் தூக்கி நாள் முழுக்க ஆட்டுவது மாதிரி.

ஒருநாள் நாற்பது ஆண்களை எண்ணினேன். பெரிய கொடுக்கு 22க்கு வலக்கை, 18க்கு இடக்கை. பெரும்பாலான இனங்களில் சரிபாதியாகத்தான் இருக்குமாம். பெரிய கொடுக்கு ஒடிந்தால் மறுபக்கத்துச் சின்னது பெரிதாகிவிடும் என்று ஒரு கதை உண்டு, அது தப்பு. ஒடிந்த பக்கத்திலேயே புதிது முளைக்கிறது. சில இனங்களில் புதிதாக வருவது நீளம் குறையாமல், பல் இல்லாமல் மழமழவென்று இருக்கும், பிடியும் பலவீனம். பல் போன கியர். ஆனால் ஆட்டுவதில் குறையில்லை, எதிரியும் ஏமாந்துவிடும். இந்தப் பல்லைப் பார்க்கும் அளவுக்கு நடுவில் படம் கூர்மை. ஓரம் கொஞ்சம் மங்கல்தான்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இங்கே படிந்தது. இதை வாங்கும் எண்ணமே அப்புறம்தான் வந்தது. வளை வழியாகத்தான் சேற்றுக்குள் காற்று போகிறது, எண்ணெயும் அதே வழியில் போகும். அமெரிக்காவில் வெஸ்ட் ஃபால்மவுத் பக்கம் 1969இல் கொட்டிய எண்ணெய்க்கு, ஏறக்குறைய 40 வருடம் கழித்தும் அங்குள்ள பிடில் நண்டுகள் ஆழமாகத் தோண்டவில்லை. இங்கே எவ்வளவு ஆழம் போகிறது என்று எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

குறைகள்: கழுத்துப் பட்டை வியர்வையில் அரிக்கிறது. கிட்டத்தில் பார்க்க இரண்டு குழலையும் நெருக்கி வைக்க வேண்டும், அரை மணி நேரத்தில் கண் வலிக்கும். உப்புக் காற்றுக்கு வீடு வந்ததும் ஈரத்துணியால் துடைத்தே ஆக வேண்டும். அலை நேரம் பார்த்துப் போங்கள், தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் ஏறும் முன்பே நண்டு வளைவாயைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் 9,400 ரூபாய்க்கும் வெறும் சேறுதான்.

லென்ஸ் மூடி கயிறில்லாமல் தனியாக வருகிறது. போன மாதம் ஒன்று வளைவாசலில் விழுந்தது. எடுக்கக் கை நீட்டினால் எல்லாம் ஓடிவிடுமே என்று விட்டுவிட்டேன். கடையில் கேட்டால் மூடி தனியாகக் கிடைக்காதாம். இப்போது மாத்திரை டப்பா மூடி போட்டிருக்கிறேன், கச்சிதமாக உட்காருகிறது.