மாங்கொட்டையா, தக்காளிச் சக்கையா: முட்டைக்கோழிக்கு எது லாபம்?

மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் விலை ஏறும்போதெல்லாம், பழக்கழிவைத் தீவனத்தில் கலந்தால் என்ன என்ற பேச்சு வந்துவிடும். கலக்கலாம், தப்பில்லை. ஆனால் எல்லாக் கழிவும் ஒன்றில்லை.

கிருஷ்ணகிரி, சித்தூர் பக்கம் மாங்கூழ் ஆலைகள் ஓடும் சீசனில் கொட்டை மலையாகக் குவியும். உள்ளே இருக்கிற பருப்பில் மாவுச்சத்தும் கொழுப்பும் நன்றாகவே உண்டு, அதனால் மக்காச்சோளத்தில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொள்ள உதவும். புரதம் பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தொடாது. சோயாவுக்குப் பதில் இதைப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய தொல்லை டானின் என்கிற துவர்ப்புப் பொருள். காய்ந்த பருப்பில் ஒரு துணுக்கைக் கடித்துப் பாருங்கள், நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புதான் புரதத்தைக் கோழி செரிக்கவிடாமல் தடுப்பது. ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, காயவைத்து அரைத்தால் நிறையக் குறையும். ஓடு உடைக்கிற கூலி, விறகு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் "சும்மா கிடைக்கிற தீவனம்" சும்மா இல்லை.

தக்காளிச் சக்கை, அதாவது சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலும் விதையும், வேறு ரகம். காய்ந்ததில் புரதம் சுமார் 20 சதவீதம் இருக்கும், விதையில் எண்ணெயும் உண்டு. என் ஓட்டு இதற்குத்தான், முக்கியமாகக் கருவின் நிறத்துக்காக: தோலில் இருக்கும் லைகோபீன் என்கிற சிவப்பு நிறமி முட்டைக்குள் போய்ச் சேர்கிறது, மஞ்சள் சோளத்தைக் குறைத்துக் குருணை அதிகமாகப் போடுகிறவர்களுக்கு வெளிறிப்போகும் கரு கொஞ்சம் ஆரஞ்சாகத் திரும்பும். நார்ச்சத்து அதிகம் என்பதால் அளவு மீறக் கூடாது, மொத்தத் தீவனத்தில் 5 சதவீதம் நிதானமான அளவு. வாங்கும்போது ஈரத்தைப் பாருங்கள். ஆலையிலிருந்து வரும் சக்கையில் முக்கால் பங்குக்குத் தண்ணீர்தான், கிலோ விலை மலிவு என்று ஏற்றிவந்தால் பாதிக்கு மேல் தண்ணீருக்குத்தான் காசு கொடுத்திருப்போம். அன்றைக்கே மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும், கையில் அள்ளி நசுக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும். மக்கிய வாடை வந்தால் உரக்குழிதான், அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சோடு விளையாட முடியாது.

திராட்சைச் சக்கையிலும் டானின் உண்டு, நாரும் அதிகம், சிறிதளவோடு சரி. சாத்துக்குடித் தோலை நான் சிபாரிசு செய்யமாட்டேன்; கசப்பால் கோழி தீனியைக் குறைக்கும், அதிலுள்ள பெக்டின் என்கிற பிசுபிசுப்பான நாரால் எச்சம் ஈரமாகும், அப்புறம் அழுக்கு முட்டையைத் துடைப்பதே வேலையாகிவிடும். அவகாடோ தோல், கொட்டை கோழிப் பக்கமே போகக் கூடாது, அதிலுள்ள பெர்சின் என்கிற பொருள் பறவைகளுக்கு நஞ்சு.

ஒரு கோழி நாளைக்குத் தின்பதே 110 கிராம் சுமார். அதில் சக்கை எடுக்கிற இடம் வேறொன்றின் இடம், அதனால் புரதம் 16, 17 சதவீதத்துக்குக் கீழே போகாமல் கலவையைத் திருத்துங்கள். தீவனத்தில் சேர்க்கிற கிளிஞ்சலை மட்டும் குறைக்காதீர்கள், எந்தப் பழச்சக்கையும் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தராது. முதலில் 2 சதவீதத்தில் ஆரம்பித்து, எச்சமும் முட்டை எண்ணிக்கையும் எப்படிப் போகிறது என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.